தனபால் அண்ணன் காட்டாத சுவர்

தனபால் அண்ணன் இறந்த செய்தி அவருடைய போனிலிருந்தே எனக்கு வந்தது. ஆடி பிறந்த வாரம். காலையில் ஸ்டூடியோவைத் திறந்து, கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு, வைகாசியில் நடந்த ஒரு கல்யாணத்தின் ஆல்பத்தில் உட்கார்ந்திருந்தேன். பெண் வீட்டார் தினமும் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்த ஆல்பம் அது. போனில் அண்ணன் பெயரைப் பார்த்ததும் 'ஆரம்பிச்சுட்டாரு' என்று முணுமுணுத்துக்கொண்டு எடுக்காமல் விட்டேன். மறுபடியும் அடித்தது. எடுத்த எடுப்பிலேயே, "அண்ணே, மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்ணே" என்றேன். பேசியது அண்ணி. "கலா, உங்கண்ணன் எழுந்திரிக்க மாட்டேங்கறாரும்மா" என்றார். நான் போய்ச் சேர்வதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திருப்பியும் கொண்டுவந்துவிட்டார்கள். தூக்கத்திலேயே போய்விட்டாராம். கட்டிலுக்குப் பக்கத்தில் கேமரா பை தயாராக இருந்தது. மறுநாள் இருட்டோடு கிளம்புவதாக இருந்தவர்.

ஜங்ஷன் ரோட்டில் அவருடைய ஸ்டூடியோவில் ஆல்பம் டிசைன் செய்கிறவள் நான். இந்த நினைவு மலருக்கு எழுதச் சொல்லி போட்டோகிராபர் நண்பர்கள் கேட்டபோது, அவருடைய நல்ல குணங்களை வரிசையாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. படத்திறப்புக்கு வந்து இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சாவு வீட்டு வாசலில் இருந்த பேனரை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். ரொம்ப நல்லா இருக்கு என்று என்னிடமே சொன்னீர்கள். அந்தப் பேனரால் ஒரு பெண்ணின் நிம்மதி போனது. அண்ணன் வாக்குத் தவறியவர் என்ற பேச்சும் வந்துவிட்டது. தவறியது அவர் இல்லை, நான்.

கல்யாணத்துக்குப் படம் எடுப்பவனுக்கு விடியற்காலை சொந்தமில்லை. ஊரே தூங்கும் நேரத்தில் முகூர்த்தம் என்று மண்டபத்தில் நிற்க வேண்டும். முகூர்த்தம் இல்லாத ஆடியும் மார்கழியும் வந்தால் மற்ற ஸ்டூடியோக்காரர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். இவர் மட்டும், "ஆடி பொறந்தா எனக்குக் கல்யாணம்மா" என்பார். அந்த மாதங்களில் இருட்டோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கோபுரம், குளம் பக்கம் திரும்ப மாட்டார். "பழமலைநாதர் கோயில எடுக்க ஊர்ல ஆளா இல்ல?" என்பார். அவர் தேடிப் போனதெல்லாம் எந்த இஞ்சினியரும் வரைந்து தராத கட்டடங்கள். வேப்பூர் ஹைவேயில் சிமெண்ட் சக்கரம் வைத்து பஸ் மாதிரியே கட்டிய புரோட்டா கடை. சிங்கத்தின் வாய்க்குள் நுழைவது போல வாசல் வைத்த வீடு. மொட்டை மாடியில் கால்பந்து மாதிரி தண்ணீர்த் தொட்டி. வெயில் ஏறிவிட்டால் எல்லா வீடும் வேலைக்குப் போகிற மூஞ்சியை மாட்டிக்கொள்ளும், தூங்கி எழுந்த முகத்தைத்தான் எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

நான் இதில் சேர்ந்தது ஒரு சாணித் தண்ணீரால். ஒரு நாள் காலையில் சட்டை முழுக்கப் பச்சையாக ஸ்டூடியோவுக்கு வந்து நின்றார். தாமரைப் பூ மாதிரி போர்டிகோ கட்டிய ஒரு வீட்டுக்கு எதிரில் இருட்டில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வாசல் தெளிக்க வந்த அம்மாள் பக்கெட்டோடு ஊற்றிவிட்டாள். "வூட்டு வரி ஏத்த வந்தவன்னு நெனச்சிட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "நாளைலேருந்து நீயும் வாயேன். பொம்பள ஒருத்தி கூட நின்னா, ஊத்தறதுக்கு முன்னால யாருன்னு ஒரு வார்த்த கேப்பாங்க." விடியற்காலையில் தெருவில் விழித்திருப்பது பெண்கள்தானே. அதனால் படம் எடுக்கலாமா என்று கேட்பது என் வேலை ஆனது. என் ஸ்கூட்டியில் அவர் வண்டிக்குப் பின்னாலேயே போவேன். "மனுஷங்கள எடுத்தது போதாதுன்னு இப்பக் கட்டடத்துக்கும் ஆல்பம் போடப் போறீங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அண்ணனிடம் ஒரு கண்டிப்பு உண்டு. கேட்காமல் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டார். நல்ல வெளிச்சம் கண் முன்னால் போய்க்கொண்டிருக்கும். நான் தவித்துப் போவேன். அவர் வீட்டுக்காரர்கள் எழுந்து கதவைத் திறக்கும்வரை எதிர்ப்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். "தூங்கற மனுஷன போட்டோ எடுப்பியா கலா? வூடும் அப்படித்தான்" என்பார். எடுத்த பிறகு ஒரு பிரிண்ட் போட்டு அந்த வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுப்பார்.

மூடிக் கிடந்த ஒரு பீங்கான் கம்பெனியின் பழைய வட்டச் சூளைக்குள் ஒரு குடும்பம் குடியிருந்தது. வாட்ச்மேன் குடும்பம். கவிழ்த்த சட்டி மாதிரி கூரை, சுற்றிலும் செங்கல், நுழைய ஒரு சின்ன வளைவு. உள்ளே டிவி, பீரோ, பிள்ளைகளின் ஸ்கூல் பை எல்லாம் வட்டமாக நின்றன. அந்த வீட்டம்மாவுக்கு ஒரே ஒரு குறைதான். "மூலையே இல்லைங்க இந்த வூட்டுல. தொடப்பத்த எங்க சாத்தறது சொல்லுங்க?" என்றார். வாஸ்து பார்க்க ஒருத்தர் வந்து ஈசானி மூலையைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, தலை கிறுகிறுத்துத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாராம். அண்ணன் சிரித்த சிரிப்பில் கேமரா ஆடி, அன்று எடுத்த முதல் படங்கள் எதுவும் தேறவில்லை.

அவரை உண்மையிலேயே எனக்குக் காட்டியது பெண்ணாடம் பக்கத்தில் நடந்த ஒரு சம்பவம். கரும்பு விவசாயி ஒருவர் தன் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை டிராக்டர் வடிவத்தில் கட்டியிருந்தார். சிவப்பு பெயிண்ட், பெரிய சக்கரம், ஸ்டியரிங் உட்பட. வெள்ளாற்றுப் பக்கமிருந்து பனி மேலே ஏறி, அந்த டிராக்டர் மேகத்தில் ஓடுகிற மாதிரி ஒரு படம் கிடைத்தது. வீட்டுக்காரரின் மருமகள்தான் எடுக்கச் சொல்லி அனுமதி கொடுத்தாள். பெரியவர் எழுந்து வந்து கேமராவில் படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "வேணாம் தம்பி" என்றார். "கீழ நின்ன டிராக்டர வித்தாச்சு. மேல நிக்கறதப் பாத்து ஊரே சிரிக்குது. நீங்க வேற ஏன்?" அண்ணன் பெரியவர் கண் முன்னாலேயே அந்தப் படத்தை அழித்தார். திரும்பும் வழியில் டீ குடிக்க நின்றபோது நான் பொரிந்து தள்ளிவிட்டேன். மருமகள் சரி என்றுதானே எடுத்தோம், அழித்த மாதிரி காட்டிவிட்டு வந்திருக்கலாமே என்றேன். "எடுத்ததுதாம்மா நான். வூடு அவருது" என்றார். அதற்கு மேல் அவரிடம் வாதாட முடியாது.

இனி அந்தச் சுவர். அது யாருடையது என்று நான் எழுதப் போவதில்லை. எழுதாமலே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அந்த அக்கா ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிறார். கணவர் இருந்தபோது வீட்டுக்குச் செங்கல் வரை வைத்து எழுப்பினார்கள். பூச வழியில்லாமல் நின்றுபோனது. அக்கா கம்பெனியில் கழித்துக் கொட்டிய சாமான்களைக் கொண்டுவந்து, வருஷக் கணக்காக, முகப்புச் சுவர் முழுக்கப் பதித்திருந்தார். மெயின் போர்டில் மாட்டும் ஃபீஸ் கட்டைகளில் உடைந்தவை, கரண்ட் கம்பத்து இன்சுலேட்டர்களில் கோணிப்போனவை, மூடியில்லாத ஊறுகாய் ஜாடிகள். வெள்ளை ஃபீஸ் கட்டைகளைப் புள்ளியாக வைத்து, பழுப்பு இன்சுலேட்டர்களால் சுற்றி இழுத்து, தரையில் போட வேண்டிய கோலத்தை நிமிர்த்தி வைத்திருந்தார். வெயிலில் பார்த்தால் பளபளப்பு கண்ணைக் குத்தும், ஒன்றும் தெரியாது. விடியும் நேரத்தில் ஒவ்வொரு வெள்ளையும் ஒவ்வொரு நிறம். பால் நிறம், சாம்பல் நிறம், லேசான நீலம். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அனுமதி கேட்டது நான்தான். அக்கா கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எடுக்கறதுன்னா எடுங்க. ஆனா யாருக்கும் காட்டக்கூடாது. கம்பெனிக்காரங்க கண்ணுல பட்டா அவ்ளோதான்" என்றார். பிறகு அவராகவே சொன்னார். "பின்னாடி கொட்டி வெச்சிருக்கறதுதாங்க. லாரியில அள்ளிட்டுப் போயி பள்ளத்துல போடறாங்க. கேட்டா தர மாட்டாங்க. கேக்காம எடுத்தா திருட்டுங்கறாங்க. சாப்பாட்டுக் கூடையில ஒண்ணு ரெண்டா கொண்டாந்தேன்." அண்ணன், "நீங்க பயப்படாதீங்கக்கா, இது வெளிய போவாது" என்றார். நானும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன்.

அவர் சொன்னபடி இருந்தார். உங்களில் ஒருவர் ஒரு தடவை ஸ்டூடியோவில் அந்தப் படத்தைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு, போட்டிக்கு அனுப்புங்க தனபால், நிச்சயம் பரிசு வரும் என்று கெஞ்சினார். அவருக்கு ஞாபகம் இருக்கும். அண்ணன் டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினார். அன்றைக்கே அந்தப் படத்தைத் தனி ஃபோல்டரில் போட்டு மூடச் சொன்னார். மூடியதும் நான்தான்.

கண்ணீர் அஞ்சலி பேனருக்கு எங்களைப் போன்றவர்களிடம் ரெடிமேடாக ஒரு ஃபைல் இருக்கும். மேகம், இரண்டு புறா, ஒரு குத்துவிளக்கு. முகத்தையும் பெயரையும் மாற்றினால் வேலை முடிந்தது. அண்ணனுக்கு அந்தப் புறாக்களைக் கண்டாலே ஆகாது. "நான் செத்தா இந்தப் புறாவ மட்டும் வெச்சிடாத கலா. எந்திரிச்சு வந்துருவேன்" என்பார். அன்று மத்தியானம் அழுதுகொண்டே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது எனக்கு அந்தக் கேலிதான் ஞாபகம் வந்தது. புறாக்களை எடுத்தேன். மேகத்தையும் எடுத்தேன். அவர் எடுத்ததிலேயே சிறந்த அந்தச் சுவர்ப் படத்தைப் பின்னால் வைத்து, அதன் மேல் அவர் முகத்தை வைத்தேன். அந்த அக்கா சொன்னது எனக்கு ஞாபகம் வரவேயில்லை என்றால் அது பாதிப் பொய். ஃபோல்டரைத் திறக்கும்போது ஏதோ உறுத்தியது. பிரிண்டுக்கு அனுப்பச் சொல்லி போன் மேல் போன். உறுத்தலைத் தள்ளிவிட்டேன். பேனர் அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

அதைவிட மோசம் அடுத்து நடந்தது. சாவு வீட்டுக்கு அந்த அக்கா வேலை செய்யும் கம்பெனியின் முதலாளியும் வந்திருந்தார். அவர் வீட்டுக் கல்யாணத்தை அண்ணன் எடுத்துக் கொடுத்திருக்கிறார். மாலை போட்டுவிட்டு வெளியே வந்தவர் பேனர் முன்னால் நின்றார். எல்லோரும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகரும்போது அவர் மட்டும் நின்று கவனித்தார். டிசைனைத்தான் ரசிக்கிறார் என்று நினைத்தேன். அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். பாராட்டுக்காக. சாவு வீட்டில், அண்ணன் உள்ளே கிடக்கும்போது, பாராட்டுக்காக நின்றேன். "இது எந்த ஊரும்மா?" என்று கேட்டார். "நம்மூருதாங்க சார். அண்ணன் எடுத்ததுங்க" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். எந்தத் தெரு என்பதையும் நானே சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

காரியம் முடிவதற்கு முன்பே விஷயம் என் காதுக்கு வந்தது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க அதே கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண் வந்திருந்தாள். மாலை போட்ட அண்ணன் படத்தைப் பார்த்தாள். "நல்ல மனுஷன்னு நெனச்சோம். செத்தும் காட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாரு" என்றாள். முதலாளி அந்த வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்திருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லையாம். யாரையும் வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. மறுநாளிலிருந்து சாயங்காலம் வேலை முடிந்து போகும் எல்லாப் பெண்களின் கூடையையும் கேட்டில் திறந்து பார்க்கிறார்களாம். நான் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் முன் பார்த்துவிட வேண்டும் என்று விடியும்போதே அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். அண்ணன் இல்லாமல் அந்த நேரத்தில் வண்டி ஓட்டியது அதுவே முதல் தடவை. தெருமுனையிலேயே ஈர சிமெண்ட் வாசனை அடித்தது. சாரம் கட்டியிருந்தது. சுவரில் பாதிக்கு மேல் முந்தின நாளே பூசியாகிவிட்டது. மீதிக் கோலம் மட்டும் தெரிந்தது. அக்கா கொத்தனாருக்காகத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் பூச முடியாத சுவரைக் கடன் வாங்கிப் பூசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லவில்லை.

"அக்கா, அண்ணன் காட்டலக்கா. பேனர்ல வெச்சது நான். எந்தத் தெருன்னு சொன்னதும் நான்தான்" என்றேன்.

அக்கா தண்ணீரை நிரப்பிக்கொண்டே பேசினார். "என்னை வேலைய வுட்டு நிறுத்தியிருந்தாக்கூடத் தேவலாம்மா. அத்தன பொம்பளைங்களும் வரிசையா நின்னு கூடையத் தொறந்து காட்டறாங்க. சாப்ட்ட டப்பாவக்கூட வாட்ச்மேன் கிளறிப் பாக்கறான். எனக்குப் பின்னாடி நிக்கறவ என்னைப் பாக்கற பார்வ இருக்குதே, அத என்னால தாங்க முடியல."

"நான் வேணா கம்பெனியில வந்து பேசட்டுமாக்கா?"

"நீ பேசுனதே போதும்."

அண்ணன் கொடுத்த பிரிண்ட்டைக் கேட்டபோது, முதலாளி வந்துபோன அன்றே பயத்தில் அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார். பேனரை நான் கிழித்தாயிற்று. மிச்சம் இருப்பது என் கம்ப்யூட்டரில் உள்ள மூலப்படம் ஒன்றுதான். "அதையும் அழிச்சிடட்டுமாக்கா?" என்று கேட்டேன். அண்ணன் இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பார் என்று தோன்றியது.

கொத்தனார் வந்து சாரத்தில் ஏறினார். கரண்டியில் கலவையை அள்ளி, மேல் வரிசை ஃபீஸ் கட்டைகள் மேல் அடித்தார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வேணாம்" என்றார். "அது ஒண்ணாவது இருக்கட்டும். ஆனா யாருக்கும் காட்டாத." உள்ளே போகப் போனவர் நின்று, "தனபால் தம்பி வார்த்த தவறலன்னு ஊருக்குச் சொல்லு. அந்த மனுஷன நானும் ரெண்டு நாளா திட்டிட்டேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். என்னை மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். கூடையைச் சோதிப்பது இன்னும் நிற்கவில்லை. அதை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை. பேனரைப் போனில் படம் எடுத்தவர்கள், ஸ்டேட்டஸ் வைத்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றைக்கே அதை அழித்துவிடுங்கள். அண்ணன் முகமும் அதில் இருக்கிறதே என்று யோசிக்காதீர்கள். அவர் முகத்துக்கு வேறு படங்கள் நிறைய இருக்கின்றன, வேண்டியவர்களுக்கு நானே பிரிண்ட் போட்டுத் தருகிறேன்.

அவருடைய கேமராவை அண்ணி பத்திரமாக வைத்திருக்கிறார். ஸ்டூடியோவை யார் நடத்துவது என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த ஒரு படமும் அதற்காக அவர் கொடுத்த வார்த்தையும். சுவர் இப்போது முழுக்க சிமெண்ட். அப்படி ஒன்று இருந்ததை இனி அந்தப் படத்தில்தான் பார்க்க முடியும். நீங்கள் ஸ்டூடியோவுக்கு வருவீர்கள். டீ குடித்துக்கொண்டே, 'ஒரே ஒரு தடவை பாத்துட்டுத் தரேன் கலா' என்று கேட்பீர்கள். அண்ணன்மேல் உள்ள பிரியத்தில்தான் கேட்பீர்கள். இருக்கிறது. காட்ட மாட்டேன்.